சின்னத் தாத்தா போன ரயில்

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் போகும் ரயில் பாதையில், வைகையின் வடகரையில், சோழவந்தான் என்று ஓர் ஊர் இருக்கிறது. நேயர்களில் தாம்பூலப் பிரியர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்த ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 2023ஆம் வருஷம் எங்கள் ஊர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு என்ற சர்க்கார் பட்டம் கிடைத்தது. ராவ் பகதூர் பட்டத்தைப் போலச் சிபாரிசினால் வந்ததல்ல. தன் காரத்தினாலேயே வெற்றிலை அதைச் சம்பாதித்துக் கொண்டது என்று நாங்கள் பெருமை பேசிக்கொள்வது வழக்கம்.

இந்த ஊர் ஸ்டேஷனில் என் பாட்டனார் யுத்த காலம் முழுவதும் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். தென்னிந்திய ரயில்வேயில் தந்திக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பல ஊர்த் தண்ணீரைக் குடித்து, கடைசியில் பிறந்த ஊருக்கே மாற்றலாகி வந்தவர். ரயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டை மறந்துவிடுவார் என்று ஊரார் சொல்வார்கள். ஆனால் நான் பிறந்து விவரம் தெரிந்த நாள் முதல் அவர் வாயிலிருந்து ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பென்ஷன் வாங்க மதுரைக்குப் போவதற்குக் கூட பஸ்ஸில்தான் போவார். ஊரார் சொன்ன பாட்டனாரும் நான் பார்த்த பாட்டனாரும் எப்படி இரண்டு வேறு மனிதர்களானார்கள் என்பதை நான் வெகு நாள் கழித்தே அறிந்தேன்.

1942ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். அம்மாதம் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். சர்க்கார் காரியாலயங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. பட்டணத்து ஜனங்கள் குழந்தை குட்டி, அண்டா குண்டாவோடு எழும்பூரில் வந்து குவிந்தார்கள். பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்த சிங்கம், புலி முதலிய துஷ்ட மிருகங்கள், குண்டு வீச்சில் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடக்கூடும் என்று சுட்டுக் கொல்லப்பட்டன. சென்னையில் அந்த மாதம் உயிரிழந்தவை அவைதாம். குண்டு விழவில்லை. பிறகு 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் இரவில் வந்து சென்னையில் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிற்று.

எங்கள் ஊர் ஸ்டேஷன் விளக்குகளுக்கெல்லாம் அப்போது தகரக் குல்லாய் மாட்டினார்களாம். பிளாட்பாரத்து பெஞ்சியில் தினம் கூடுகிற யுத்த நிபுணர்கள், ஜப்பான்காரனுடைய குறி மதுரைக்கு வடக்கே உள்ள வைகை ரயில் பாலந்தான் என்று நிச்சயமாகச் சொன்னார்கள். கோடையில் வைகையிலே மணலைத் தவிர வேறொன்றும் இராது. பாலம் போனால் ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து அக்கரை ஏறிவிடுவார்கள் என்று என் பாட்டனார் சமாதானம் சொல்வாராம். ஆனால் பாலத்தை உடைக்கிற யோசனை அவர் மனத்தில் ஒரு வித்தியாசமான உற்சாகத்தைக் கிளப்பிவிட்டது. இருபது வருஷமாக ரயிலை ஓடவைப்பதே தொழிலாகக் கொண்டவருக்கு, அதை எப்படி நிறுத்துவது என்பது ஒரு சுவாரசியமான கணக்காகத் தோன்றியது போலும்.

என் தகப்பனாருக்கு அப்போது பத்து வயது. வீட்டுத் திண்ணையில் தீக்குச்சிகளைத் தண்டவாளமாக அடுக்கி, பாட்டனார் பாடம் நடத்துவாராம். "தண்டவாளத்திலே குண்டு போட்டா என்ன ஆகும்? கேங்குக்காரங்க வந்து அரை நாளிலே குழியை மூடி, புதுத் தண்டவாளம் போட்டுட்டுப் போயிடுவாங்க. அது பிரயோஜனமில்லை. தண்ணித் தொட்டியை உடை. இன்ஜினுக்குத் தண்ணி இல்லேன்னா என்ன செய்வான்? யார்டிலே வண்டிகள் நெருக்கமா நிக்கிறப்போ போடு. எல்லாத்தையும்விட, பாலத்தைப் பிடி. பாலம் போனா மாசக் கணக்கு." இப்படிச் சொல்லி, இரண்டு செங்கல்லின் மேல் குறுக்கே வைத்த தீக்குச்சியை விரலால் சுண்டித் தட்டிவிடுவாராம்.

எங்கள் ஊர்த் திண்ணையில் நடந்த இந்த வாதத்தைப் பெரிய பெரிய மேதைகள் லண்டனில் பிற்பாடு நடத்தினார்கள் என்று நான் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1944ஆம் வருஷம், பிரான்ஸ் தேசத்துக் கரையில் படை இறங்குவதற்கு முன், ஜெர்மானியரின் ரயில்களை எப்படி முடக்குவது என்று நேச நாட்டுத் தளபதிகள் மாதக் கணக்கில் சண்டையிட்டுக் கொண்டார்கள். குரங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பெயர் பெற்ற ஸாலி ஜுக்கர்மன் என்ற விஞ்ஞானி, யார்டுகளையும் இன்ஜின் கொட்டகைகளையும் அடிக்க வேண்டும் என்றார். வேறு சிலர் பாலம் என்றார்கள். இன்னும் சிலர் ரயிலே வேண்டாம், பெட்ரோல் ஆலைகளை அடிக்கலாம் என்றார்கள். யார்டுகள் ஊர் நடுவே இருப்பவை. ஆகவே எத்தனை பிரெஞ்சுக்காரர் சாவார்கள் என்ற கேள்வி வந்தது. அந்த எண்ணிக்கை பதினாயிரத்தைத் தாண்டக்கூடாது என்று சர்ச்சில் கவலைப்பட்டார். ரூஸ்வெல்ட்டோ, யுத்த அவசியமே முக்கியம் என்று பதில் அனுப்பிவிட்டார். யுத்தத்தின் கடைசி வருஷத்தில் ஜெர்மனியின் நிலக்கரி சுரங்க வாயிலிலேயே மலைபோல் கிடந்தது. அதை ஏற்றிப் போக ரயில் இல்லை. 1945 மார்ச்சில் பீலெஃபெல்டு என்ற இடத்து நெடும் பாலத்தை வீழ்த்த 22,000 ராத்தல் எடையுள்ள ஒரே குண்டைப் போட்டார்கள். யுத்தம் முடிந்தபின் விசாரணை செய்த அமெரிக்க நிபுணர்கள், ஜெர்மனியின் பொருளாதாரத்தைச் சிதற அடித்தது போக்குவரத்தின் மேல் விழுந்த அடிதான் என்று அறிக்கை எழுதினார்கள். ஆகவே பாட்டனாரின் தீக்குச்சிப் பாடம் தப்பான பாடமல்ல. அதுதான் விபரீதம்.

மதுரைப் பக்கத்து ரயிலுக்கு யுத்தத்தில் சேதமே வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்குப் போகும் கிளைப் பாதை 1928இல் திறக்கப்பட்டது. மலையிலிருந்து ஏலக்காய் இறங்கி வருவதற்கு வசதியாக இருந்தது. 1942இல் யுத்தத் தேவைக்காகச் சர்க்காரே அந்தப் பாதையைப் பிடுங்கிவிட்டது. தண்டவாளங்களை ஏற்றிய திறந்த வண்டிகள் சில எங்கள் ஸ்டேஷன் வழியாகவும் போயினவாம். எந்த எதிரி விமானமும் வராமலே தொண்ணூறு கிலோமீட்டர் ரயில் பாதை மாயமாகிவிட்டது! அதை மறுபடி போட்டது சுதந்திரம் வந்தபின், 1950களில். வங்காளத்தில் இதே காரியத்தைப் படகுகளுக்குச் செய்தார்கள். ஜப்பான்காரன் வந்தால் அவனுக்கு உதவியாகிவிடும் என்று சொல்லி, கடலோர ஜில்லாக்களில் பல்லாயிரம் படகுகளைப் பறித்தார்கள், உடைத்தார்கள். நெல்லை ஏற்றிப் போகப் படகில்லை. பர்மா அரிசியும் நின்றுவிட்டது. 1943இல் அந்த வங்காளத்தில் பஞ்சத்தால் மடிந்தவர்கள் முப்பது லட்சம் பேர் வரை என்று கணக்கிடுகிறார்கள். போக்குவரத்தை முறிப்பது என்றால் அதன் அர்த்தம் அதுதான்.

இனிச் சின்னத் தாத்தாவுக்கு வருகிறேன்.

பாட்டனாருக்கு ஏழு வயது இளையவர் அவர் தம்பி. பள்ளிக்கூடப் படிப்பு முடிந்ததும், கொடிக்கால் வேலை பிடிக்கவில்லை. ரயில்வே வேலை கிடைக்கவில்லை. 1936இல் கப்பலேறி மலாயாவுக்குப் போய் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக அமர்ந்தார். கிராணி என்றால் கணக்கெழுதும் குமாஸ்தா. துரைக்குக் கீழே, கங்காணிக்கு மேலே. போவதற்கு ஆறு மாதம் முன்புதான் கல்யாணம் ஆகியிருந்தது. இரண்டு வருஷத்தில் வந்து மனைவியை அழைத்துப் போவதாக ஏற்பாடு. இரண்டு வருஷம் மூன்றாயிற்று, மூன்று ஐந்தாயிற்று. மாதந்தோறும் மணியார்டர் மட்டும் தவறாமல் வந்தது. கடைசிக் கடிதம் 1941 கார்த்திகையில் வந்தது. மாசிக்குள் புறப்பட்டு வருவதாக அதில் எழுதியிருந்தது. டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. தபாலும் மணியார்டரும் அத்துடன் நின்றன.

ஜப்பானியருக்கு பர்மாவிலிருந்த தங்கள் படைக்குச் சாமான் அனுப்ப வேண்டியிருந்தது. மலாக்கா ஜலசந்தியைச் சுற்றிக் கப்பலில் அனுப்பினால், நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்து. ஆகவே சயாமிலுள்ள நாங் பிளாடுக் என்ற இடத்திலிருந்து பர்மாவிலுள்ள தன்பியூஜயாத் வரை, 415 கிலோமீட்டர் தூரம், மலையையும் காட்டையும் வெட்டி ரயில் பாதை போடத் துணிந்தார்கள். சயாம், பர்மா, மலாயா மூன்றிலும் ரயில் பாதை மீட்டர் அகலம். அந்நாளில் எங்கள் சோழவந்தான் பாதையும் அதே அகலந்தான். மலாக்காக் கிளைப் பாதையையும் மலாயாவின் கீழ்க்கரைப் பாதையில் பெரும் பகுதியையும் பிடுங்கிக் கொண்டுபோய் அங்கே போட்டார்கள். இங்கே வெள்ளைக்காரன் போடிப் பாதையைப் பிடுங்கினான்; அங்கே ஜப்பான்காரன் மலாக்காப் பாதையைப் பிடுங்கினான். ராஜ்யங்களுக்குள் எவ்வளவு ஒற்றுமை!

தண்டவாளத்தோடு ஆட்களையும் பிடுங்கிக் கொண்டுபோனார்கள். யுத்தக் கைதிகள் சுமார் 60,000 பேர். ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேல்; அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு லாரி வைத்துப் பிடித்தார்கள். இனாமாகச் சினிமாக் காட்டுவதாகக் கூப்பிட்டு, கொட்டகையின் கதவை அடைத்து, அப்படியே ரயிலேற்றிய கதையும் மலாயாத் தமிழர் வீடுகளில் வழங்கி வருகிறது. மூடிய கூட்ஸ் வண்டியில் நாலைந்து நாள் பிரயாணம். பிறகு சேற்றில் கால்நடை. 1943ஆம் வருஷத்து மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதிகளுக்காவது தங்கள் படையைச் சேர்ந்த டாக்டர்கள் இருந்தார்கள். கொதித்த தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்கக்கூடாது என்று கட்டுப்பாடு செய்தார்கள். தமிழர் முகாம்களில் அதைச் சொல்வாரும் இல்லை. குடிசை குடிசையாகப் போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. கைதிகளில் இறந்தவர் 12,000க்கு மேல் என்பது பெயர், நம்பர் சகிதம் பதிவாகியிருக்கிறது. ஆசியத் தொழிலாளர் 90,000 பேர் இருக்கலாம் என்கிறார்கள். யாரும் எண்ணவில்லை, ஆகையால் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள்.

இதில் ஒன்றும் எங்கள் வீட்டாருக்கு அப்போது தெரியாது. சின்னத் தாத்தா மலாயாவில் தோட்டத்துக் கணக்கை எழுதிக் கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

1944ஆம் வருஷம் முதல் பத்திரிகைகளில் சயாம்-பர்மா ரயில் பாதையின் மேல் விமானத் தாக்குதல் என்று யுத்த அறிக்கைகள் வரத் தொடங்கின. அந்த விமானங்கள் பெரும்பாலும் நம் தேசத்திலிருந்தே கிளம்பின. வங்காளத்தில் பாண்டவேசுவர், டிக்ரி, சால்போனி முதலிய இடங்களில் பெரிய விமான தளங்கள் இருந்தன. பஞ்சத்தில் பிணங்கள் கிடந்த அதே ராஜதானியில், லிபரேட்டர் என்ற நான்கு இன்ஜின் விமானங்கள் வயிறு நிறைய பெட்ரோலைக் குடித்துவிட்டு, வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போய், பாலத்தையும் யார்டையும் அடித்துவிட்டுத் திரும்பி வரும். போய்வரப் பதினான்கு, பதினைந்து மணி நேரம்கூட ஆகுமாம். அவ்வருஷக் கடைசியில் வாலில் ரேடியோ பொருத்திய ஒரு குண்டைக் கொண்டு வந்தார்கள். விழுந்து கொண்டிருக்கும்போதே அதை இடம் வலமாகத் திருப்பலாம். பாலம் போன்ற மெல்லிய நீளக் குறிக்கு அது மிகவும் ஏற்றதாக இருந்தது.

பாட்டனார் அந்த அறிக்கைகளை வீட்டில் உரக்கப் படிப்பார். காந்தியடிகளிடம் பக்தி; கதர் வேஷ்டி; ஆனால் சம்பளம் வெள்ளைக்காரக் கம்பெனியிடம். 1944 ஏப்ரலில் அதையும் சர்க்கார் எடுத்துக்கொண்டுவிட்டது. நேதாஜியின் படை பர்மாவுக்குள் வந்துவிட்டது என்ற பேச்சு ஊரில் ரகசியமாக அடிபட்டதால், ஜப்பானிய ரயில் உடைவதில் சந்தோஷப்படலாமா, கூடாதா என்பதே தேசபக்தர்களுக்குள் ஒரு தர்மசங்கடம். பாட்டனாருக்குத் தொழில் புத்தி முன்னே நின்றது. பாலம் ஒன்று தகர்ந்தது என்று படித்தால், "சபாஷ்! நான் சொல்லல்லே?" என்று தொடையைத் தட்டுவாராம். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சின்ன அப்பத்தாவும் கேட்டுக் கொண்டிருப்பாளாம். ஜப்பான்காரன் சீக்கிரம் தோற்றால் தபால் சீக்கிரம் வரும் என்பது அவள் கணக்கு.

அந்த "சபாஷ்"களுக்கு மறுபக்கத்தில் நடந்தவற்றை இப்போது புத்தகங்களில் படிக்க முடிகிறது. 1944 செப்டம்பர் 6ஆம் தேதி இரவு நாங் பிளாடுக் யார்டைத் தாக்கினார்கள். யார்டை ஒட்டியே கைதிகளின் முகாம் இருந்தது. சுமார் நூறு கைதிகள் மாண்டார்கள். நவம்பர் 29ஆம் தேதி தாமர்கான் பாலத்தருகே முகாமில் குண்டு விழுந்து, மறுபடியும் கைதிகள் இறந்தார்கள். உடைந்த பாலத்தைக் கட்ட யாரை விடுவார்கள்? பாதையைப் போட்ட அதே கைகளைத்தான். காட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை. மரப் பாலம் சில நாளில் எழுந்துவிடும். எழுந்தவுடன் மறுபடி விமானம் வரும். பகலெல்லாம் ரயிலைக் காட்டுக்குள் மறைத்து வைத்து, இரவில் ஓட்டினார்கள். இன்ஜினுக்கு விறகு வெட்டவும் ஆள் வேண்டும். ஆகவே 1943இல் பாதை முடிந்தபின்னும் தமிழர்களுக்கு வேலை முடியவில்லை. நாளொன்றுக்கு மூவாயிரம் டன் போகவேண்டும் என்று போட்ட திட்டம் முதலிலேயே குறைந்து, குண்டு வீச்சால் மேலும் மேலும் தேய்ந்தது என்பது உண்மை. விமானிகளின் காரியம் பலித்தது. அவர்கள் மேலிருந்து பார்த்தபோது பாலம் தெரிந்திருக்கும். பாலத்தின் மேல் நின்றவன் மலாயாவில் பிறந்தவனா, மதுரை ஜில்லாக்காரனா என்பது பன்னிரண்டாயிரம் அடி உயரத்திலிருந்து தெரியுமா?

1945 ஏப்ரல் 24ஆம் தேதி நேதாஜி ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது ஜான்சி ராணிப் படையின் பெண்களும் உடன் நடந்தார்கள். அவர்களில் பலர் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ்ப் பெண்கள். ஆகாயத்தில் விமானம் தென்படாத இரவில்தான் அவர்கள் நகர முடிந்தது. தகப்பன்மார் ரயில் பாதை போடப் போனார்கள். பெண்கள் துப்பாக்கி எடுத்தார்கள். இரு சாராரும் ஒரே ஆகாயத்துக்கு அஞ்சிப் பதுங்கினார்கள்.

1946 ஆவணியில், மலாயாவிலிருந்து கப்பலில் திரும்பிய ஒருவர் எங்கள் ஸ்டேஷனில் இறங்கினார். எலும்பும் தோலுமான ஆள். காலில் ஆறாத புண். பாட்டனாரின் பெயரைச் சொல்லி விசாரித்தார். பாட்டனார் அவரை வீட்டுக்கு அழைத்து வரவில்லை. பிளாட்பாரத்துக் கோடியில், வெற்றிலைக் கூடைகள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார வைத்து, காப்பி வாங்கிக் கொடுத்துக் கேட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் தகப்பனார் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வந்தவர் சொன்னது இதுதான். கிராணி ஐயாவும் அவரும் ஒரே ரயிலில் சயாமுக்குப் போனார்கள். கணக்கெழுதத் தெரியும் என்பதால் கிராணி ஐயாவுக்கு முதலில் மண்வெட்டி கொடுக்கவில்லை. ஆட்களின் பேர் எழுதும் வேலை கொடுத்தார்கள். காலராவில் பிழைத்தார். இறந்தவர்களின் பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து வந்தார், ஊருக்குப் போனதும் வீட்டாருக்குச் சொல்லவேண்டும் என்று. பாதை முடிந்த பிறகு பாலங்களைப் பழுது பார்க்கும் கூட்டத்தில் இருவரையும் போட்டார்கள். 1944 மார்கழியில் ஒரு நாள் விமானங்கள் தாழப் பறந்து வந்தன. எல்லோரும் ஓடினார்கள். நோட்டு கொட்டகையில் இருக்கிறதென்று கிராணி ஐயா திரும்பிப் போனார். பிறகு அவரைக் காணோம். கொட்டகையையும் காணோம்.

"ஐயா, ஜப்பான்காரன் கொன்னிருந்தா மனசு ஆறிடும். நம்மளை விடுவிக்க வந்த பிளேன்தான்னு சொன்னாங்க" என்றாராம் வந்தவர்.

பாட்டனார் அவருக்கு ஐம்பது ரூபாயும், ஊருக்குப் போக டிக்கெட்டும் கொடுத்து, அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்தார். சின்ன அப்பத்தா கதவோரம் வந்து நின்றாள். மலாயாக்காரர் வந்த சமாச்சாரம் அதற்குள் தெரு முழுவதும் பரவிவிட்டிருந்தது.

"அத்தான், ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொன்னாரும்மா. காலராவிலே பிழைச்சுட்டானாம். அப்புறம் வேற கூட்டத்துக்கு மாத்திட்டாங்களாம். நல்லாத்தான் இருந்தான்னு சொன்னார்."

அவர் சொன்னதில் பொய் என்று எடுத்துக் காட்டக்கூடிய வார்த்தை அநேகமாக இல்லை. வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அன்று முதல் தீக்குச்சிப் பாடம் நின்றது.

அவர் செய்தது சரியா என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அந்நாளில் எங்கள் குடும்பத்தில் விதவைக்கு விதித்திருந்த வாழ்வை நேயர்கள் அறிவார்கள். அதிலிருந்து ஒரு பெண்ணை அவர் தப்புவித்தார் என்று ஒரு சமயம் தோன்றும். மற்றொரு சமயம், முப்பது வயதுகூட ஆகாத பெண்ணைத் தபால்காரனின் மணிச் சத்தத்துக்கு முப்பத்தெட்டு வருஷம் காத்திருக்க வைத்தாரே என்று கோபம் வரும். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்தச் "சபாஷ்"களையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கதவுக்குப் பின்னால் நின்று அவற்றைக் கேட்டவள் அவள். அதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை என்பதே என் அபிப்பிராயம். என் தகப்பனார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். தம்பி மனைவிக்காகவே மறைத்தார் என்று கடைசி வரையில் வாதாடினார். 1984இல் சின்ன அப்பத்தா கண்ணை மூடிய பதினாறாம் நாள் இரவுதான் இவற்றையெல்லாம் அவர் எனக்குச் சொன்னார்.

2019இல் நான் காஞ்சனபுரிக்குப் போனேன். தாய்லாந்தில் அவ்வூரை இரும்புப் பாலத்துக்காகவே பார்க்க வருகிறார்கள். அதுதான் பழைய தாமர்கான் பாலம். வளைந்த வளைந்த இரும்பு முகடுகள். நடுவில் மட்டும் இரண்டு முகடுகள் சதுரமாக, ஒட்டுப் போட்ட வேஷ்டி போல் இருக்கின்றன. 1945இல் குண்டு விழுந்து போன இடம் அது. யுத்தத்துக்குப் பிறகு ஜப்பான் நஷ்ட ஈடாகச் செய்து கொடுத்ததாம். பாலத்தின் மேல் உல்லாசப் பிரயாணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே கைதிகளின் மயானம் இருக்கிறது. புல்லை ஒரே மட்டமாக வெட்டி, ஒவ்வொரு கல்லிலும் பெயர், படை, வயது பொறித்து, பூச்செடி வைத்து, வெகு அழகாகப் பராமரிக்கிறார்கள். ஏழாயிரம் கல்லுக்குச் சில குறைவு. வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். எந்தக் கல்லிலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் பெயர் இல்லை. நம்மவர்களுக்கு ஒரு புத்த கோவிலின் பின்புறம் ஸ்தூபி ஒன்று இருக்கிறது, பெயர்கள் கிடையா. 1990இல் அவ்வூர்க் கரும்புத் தோட்டம் ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக் கூடுகள் அகப்பட்டன. 2023இல் தாய்லாந்துத் தமிழர்கள் முயற்சி எடுத்து அந்தக் கோவிலில் ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள் என்று பிறகு பத்திரிகையில் படித்தேன். நான் போனபோது அது இல்லை. சோழவந்தானிலிருந்து கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்த வெற்றிலையை, ஸ்தூபியின் படியில் வைத்துவிட்டு வந்தேன். பிரயாணத்தில் வாடிப்போயிருந்தது.

1971ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்குப் பதினான்கு வயது. எங்கள் பள்ளிக்கூட வாத்தியாரே கணக்கெடுக்க வந்திருந்தார். திண்ணையில் பாட்டனார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டு வந்தவர், சின்ன அப்பத்தாவின் பெயருக்கு வந்ததும், தலையைத் தூக்காமல், "விவாகமானவரா, விதவையா?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டு நின்றது. பாட்டனார் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணி வண்டி ஸ்டேஷனுக்குள் நுழைகிற சப்தம் வந்தது.

"விவாகமானவங்க. என் தம்பி மலாயாவிலே இருக்கான். எழுதிக்குங்க" என்றார் பாட்டனார்.